“பயாலஜி தெரியாத நான் பல துறை பிஎச்.டி.க்குப் போகலாமா?”

கேள்வி: விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். ஃபார்மசூட்டிக்ஸில் (மருந்தை மாத்திரை, ஊசி என்று வடிவமைக்கும் துறை) எம்.ஃபார்ம் முடித்துவிட்டு, ஹைதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஃபார்முலேஷன் ஆராய்ச்சிப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஜிபேட் என்ற மருந்தியல் நுழைவுத் தேர்வில் தேறியிருக்கிறேன். பயோமெடிக்கலும் ஃபார்மசூட்டிக்கலும் சேர்ந்த பல துறை பிஎச்.டி. படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் செல் கல்ச்சர்கூடத் தொட்டதில்லை. பயாலஜி என்றால் பி.ஃபார்மில் படித்ததோடு சரி. இரண்டு ஆண்டு வேலையில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வயது 26. இப்போது போனால் முடிக்க 32 ஆகிவிடும், கல்யாணம் எப்போது என்று அப்பா கேட்கிறார். போகலாமா? போனால் இங்கேயா, வெளிநாட்டிலா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போகலாம். பயாலஜி தெரியாதது பெரிய தடை இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. எந்த நோய், எந்த மருந்து, எந்தக் கேள்வி என்று ஓர் இடத்திலும் நீங்கள் எழுதவில்லை. ‘பல துறை’ என்ற பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் நாலாவது வருடத்தில் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கே படிப்பது என்பதற்கு முன்னால், எதைக் கையில் வைத்துக்கொண்டு போவது என்று பேசிவிடலாம்.

எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசியை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏவில் யூரிடின் என்ற கட்டுமானப் பகுதியை மாற்றி வைத்தால் உடலின் எதிர்ப்பு அடங்குகிறது என்று கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் எழுதினார்கள். 2023-ல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எம்ஆர்என்ஏவை அப்படியே ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லுக்குள் நுழையாது. அதைச் சுமந்துபோனது லிப்பிட் (கொழுப்பு) நானோ துகள். நான்கு பொருள்தான்: மின்னூட்டம் மாறக்கூடிய ஒரு லிப்பிட், ஒரு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் என்ற பாலிமர் சேர்த்த லிப்பிட். லிப்பிடுகளை எத்தனாலில் கரைத்து, அமிலக் கரைசலில் உள்ள ஆர்என்ஏவோடு வேகமாகக் கலக்கிறார்கள். அந்த அமிலத்தில் லிப்பிடுக்கு நேர்மின்னூட்டம் வருகிறது, ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அமிலத்தை நீக்கினால் மின்னூட்டம் போய்விடுகிறது, ரத்தத்தில் சாதுவாகப் பயணிக்கிறது. செல்லுக்குள் எண்டோசோம் என்ற பை மறுபடி அமிலமாகும்போது மின்னூட்டம் திரும்பி வந்து, பையை உடைத்து ஆர்என்ஏவை வெளியே விடுகிறது.

இதில் எது பயாலஜி, எது ஃபார்மசூட்டிக்ஸ் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். எண்டோசோமில் எவ்வளவு அமிலம் என்று தெரியாதவர் அந்த லிப்பிடை வடிவமைத்திருக்க முடியாது. லிப்பிடின் பிகேஏ என்ன, அதாவது எந்த அமில அளவில் அதன் மின்னூட்டம் மாறும், என்று அளக்கத் தெரியாதவர் எண்டோசோமைப் பற்றி எவ்வளவு படித்திருந்தும் பயனில்லை. இந்தத் துகளும் 2020-ல் திடீரென்று வந்ததில்லை. கனடாவில் பீட்டர் கல்லிஸ் குழு பல ஆண்டுகளாக லிப்பிடுகளில் உழைத்துக்கொண்டிருந்தது. 2018-லேயே பட்டிசிரான் என்ற மருந்து இதே வகைத் துகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அங்கே உழைத்தவர்களில் பலர் உங்களைப் போல பிகேஏ, துகள் அளவு, நிலைப்புத்தன்மை என்று நாள் முழுக்க அளந்தவர்கள்.

பல துறை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். உங்களிடம் ஒரு கைவேலை ஆழமாக இருக்க வேண்டும். பக்கத்துத் துறைக்காரரின் கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டும். எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். நம் ஊர் மருந்தியல் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பு, மஞ்சளில் உள்ள குர்குமினை ஏதோ ஒரு நானோ துகளில் அடைப்பது, ஏதோ ஒரு புற்றுநோய் செல். துகள் செய்வார்கள். அளவு, ஜீட்டா பொடென்ஷியல் என்ற மேற்பரப்பு மின்னூட்டம், எவ்வளவு மருந்து உள்ளே அடைந்தது என்று அட்டவணை போடுவார்கள். பிறகு செல்மீது ஊற்றி, எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று நிறத்தை வைத்துக் காட்டும் எம்டிடி சோதனை செய்து, ‘80 விழுக்காடு செல்கள் இறந்தன’ என்று எழுதுவார்கள். வைவாவில் நான் கேட்கும் முதல் கேள்வி, மருந்தில்லாத வெறும் துகளை அதே அளவு ஊற்றிப் பார்த்தீர்களா என்பதுதான். பல முறை பதில் வராது. துகளை நிலைநிறுத்தச் சேர்த்த சர்ஃபாக்டன்டே (சோப்பைப் போன்ற பொருள்) செல் சவ்வைக் கரைத்துக் கொன்றிருக்கலாம். போதாக்குறைக்கு குர்குமின் மஞ்சள் நிறம். நிறத்தையும் ஒளிர்வையும் அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் அது குறுக்கே வரும் என்பது தெரிந்த விஷயம். அடுத்து, ரத்தத்தில் இந்த அளவு குர்குமின் எட்டுமா என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்காது. நாலைந்து வருட உழைப்பு அந்த மேசையில் கலைந்துபோவதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தப்பு மாணவருடையது மட்டும் இல்லை. ஃபார்மசி பக்கத்தில் துகள் செய்தார், பயாலஜி சோதனையை வெளியே காசு கொடுத்துச் செய்து வாங்கினார், நடுவில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அட்டையில் இரண்டு துறை இருந்தது, உள்ளே இல்லை.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? ‘இரண்டு ஆண்டு வேலையில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை’ என்று கடிதத்தின் நடுவே எழுதியிருந்தீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன். மருந்துத் தரத்துக்கான பன்னாட்டு ஐசிஎச் விதிப்படி 40 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் 6 மாதம் ஸ்டெபிலிட்டி சோதனை வைத்து, மாதிரியை எடுத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றி, வரைபடத்தில் எங்கிருந்தோ முளைத்த ஒரு சின்ன பீக்கைத் துரத்தியிருப்பீர்கள். அது எக்ஸிபியன்டோடு (மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள்) மருந்து வினைபுரிந்ததால் வந்ததா, ஈரத்தால் வந்ததா, ஒளியால் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழக ஆய்வகங்களில் இந்தப் பழக்கம் அரிது. அங்கே துகளைச் செய்த அன்றே அளந்து, அன்றே படம் எடுத்து, கட்டுரையை அனுப்பிவிடுவார்கள். 180-வது நாளில் அது எப்படி இருக்கும் என்று கேட்கும் ஆள் குழுவில் ஒருவராவது வேண்டும். கோவிட் தடுப்பூசிகளில் ஒன்றை முதலில் கிட்டத்தட்ட மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்ததும், அதனால் எத்தனை நாடுகள் திண்டாடின என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அது உங்கள் துறையின் கேள்வி. விண்ணப்பத்தில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

கேள்வியைத் தேட தூரம் போக வேண்டாம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் ஆரம்பித்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலேயே ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகத்தின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதன்பின் மாறியது. அந்த ஆய்வில் மருத்துவர் இருந்தார், புள்ளியியலாளர் இருந்தார். மாத்திரையை உண்மையில் சாப்பிட்டார்களா என்று சிறுநீரைச் சோதித்த ஆய்வகக்காரர்களும், வீடு வீடாகப் போனவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு யாரும் அதற்குப் பல துறை என்று பெயர் வைக்கவில்லை.

இன்றைக்கு வேலூர் சிஎம்சியின் ஸ்டெம்செல் ஆய்வு மையத்தைப் பாருங்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோய் உள்ள ஐந்து பேரின் சொந்த ரத்த ஸ்டெம்செல்களை எடுத்து, மரபணுவைச் சுமந்துபோகும் லென்டிவைரஸ் மூலம், ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 புரதத்தின் மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த இந்த வேலை 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணித்த காலத்தில் அந்த ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றிருந்தது. ஐஐடி பாம்பேயில் ராகுல் புர்வார் ஆய்வகமும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் எதிர்ப்புச் செல்லை மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைப்பது) 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அதில் பிஎச்.டி. மாணவர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. இரண்டிலும் செல்தான் மருந்து. அப்படியானால் அந்த மருந்தை எப்படி உறையவைப்பது, எந்தக் கரைசலில் வைப்பது, பையிலிருந்து நோயாளிக்குப் போகும்வரை எத்தனை செல் உயிரோடிருக்கும் என்பதெல்லாம் யாருடைய கேள்வி? நீங்கள் படித்த ஃபார்மசூட்டிக்ஸ்தான், மாத்திரைக்குப் பதில் செல். இந்தப் பக்கம் ஆள் குறைவு என்பது என் கணிப்பு. உங்களுக்கு மனம் போனால் இதை யோசியுங்கள்.

இந்தியாவில் சேர்வதென்றால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ஃபெல்லோஷிப் இல்லாமல் முழுநேர பிஎச்.டி. சேராதீர்கள். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. பணத்தைவிடப் பெரிய லாபம், காசு உங்கள் பெயரில் வருவது. வழிகாட்டியின் புராஜெக்ட் முடிந்தாலும் நீங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஃபெல்லோஷிப் மாதாமாதம் முதல் தேதியில் வந்துவிடாது, சில மாதம் சேர்ந்து வருவதும் உண்டு. ஆறு மாதச் செலவுக்கான சேமிப்போடு போங்கள்.

பி.ஃபார்ம் படித்தவர்களும் அந்தத் தேர்வை எழுதலாம். லைஃப் சயின்சஸ் எடுங்கள். மொத்தம் 200 மதிப்பெண், அதில் பாதி சி பகுதியில். அங்கே 75 கேள்விகளில் 25-க்கு மட்டும் பதில் எழுதினால் போதும். ஆகவே பதின்மூன்று அலகையும் உருட்ட வேண்டியதில்லை. செல் பயாலஜி, மாலிக்குலர் பயாலஜி, செல் சிக்னலிங்கும் இம்யூனாலஜியும், மனித உடலியங்கியல், ஆய்வு முறைகள் என்று ஒரு ஐந்தாறை ஆழமாகப் படியுங்கள். நீங்கள் பயப்படும் பயாலஜி இந்தத் தயாரிப்பிலேயே பாதி வந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே எட்டு மாதம் ஒழுங்காகப் படித்தால் முடியும். ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு உண்டு, அறிவிக்கையில் பார்த்து இந்த ஆண்டே எழுதுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இடம் என்று பார்த்தால், நீங்கள் இருக்கும் ஹைதராபாத்திலேயே மருந்தியல் கல்விக்கான நைப்பர் இருக்கிறது, செல், மூலக்கூறு உயிரியலுக்கான சிசிஎம்பி இருக்கிறது, வேதியியல் தொழில்நுட்பத்துக்கான ஐஐசிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் நைப்பர் இல்லாதது நமக்குக் குறைதான். ஐஐடி மெட்ராஸ் 2023-ல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத்துக்கென்றே தனித் துறை தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் செயற்கை இதய வால்வைத் தானே உருவாக்கி 1990-லிருந்து நோயாளிகளுக்குப் பொருத்திக் காட்டிய இடம். பொருளியலும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் நிஜமாகவே பேசிக்கொள்ளும் இடங்களில் ஒன்று. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் அவற்றின் கல்வி நிறுவனமான ஏசிஎஸ்ஐஆர் வழியாகச் சேர்ந்தால், ஆய்வோடு கிராமப்புறச் சிக்கல் ஒன்றில் சில வாரம் வேலை செய்யவும் வேண்டும். சிலருக்கு அது நேர விரயமாகத் தோன்றும், எனக்கு மிகவும் பிடித்த விதி அது. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகவும் செய்யலாம். பேராசிரியர் பதவி உயர்வுக்கு அது உதவும். ஆனால் நீங்கள் கேட்கும் வகை ஆராய்ச்சியைப் பகுதி நேரத்தில் செய்ய முடியாது. செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டிதான் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். பல துறை பிஎச்.டி.யில் வழிகாட்டிகள் இரண்டு பேர். அங்கேதான் சிக்கல். காகிதத்தில் இணை வழிகாட்டியாக ஒரு மருத்துவர் பெயர் இருக்கும். அவருக்கு உங்கள் தலைப்பே நினைவிருக்காது. சேர்வதற்கு முன் அந்த ஆய்வகத்தில் மூன்றாம் நான்காம் வருடம் படிக்கும் மாணவரிடம் பேசுங்கள். போனில் பேசுங்கள், எழுத்தில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இரண்டு வழிகாட்டிகளும் ஒன்றாக உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கேளுங்கள். மருத்துவமனை மாதிரி வேண்டுமென்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு எத்தனை மாதம் ஆனது, விலங்கு ஆய்வுக்கான அனுமதி கையில் இருக்கிறதா, ஆன்டிபாடி வாங்க யார் பணம் கொடுக்கிறார்கள், கூட்டாளி ஆய்வகத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்ய விடுவார்களா, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, அவர் இப்போது எங்கே இருக்கிறார். இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் வழிகாட்டி என்றால் அந்தத் தகவலே போதும்.

வெளிநாட்டைப் பற்றி. உங்கள் நிலைக்கு நான் ஐரோப்பாவை முதலில் வைப்பேன். உங்களிடம் முதுகலை இருக்கிறது. அங்கே பல நாடுகளில் பிஎச்.டி. என்பது வேலை ஒப்பந்தம், சம்பளம் உண்டு, மூன்று நான்கு வருடத்தில் முடியும். நெதர்லாந்தில் நான்கு வருட ஊழியராகவே எடுக்கிறார்கள். மரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் உங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரே கேள்வியில் பல பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஆளெடுப்பார்கள், நீங்கள் ஓர் இடத்தில் சேர்ந்து மற்ற இடங்களிலும் சில மாதம் வேலை செய்வீர்கள். சேருமுன் உள்ள 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. இந்தியாவிலிருந்து போகும் உங்களுக்கு அது சாதகமாகவே இருக்கும். விளம்பரங்கள் யூராக்ஸஸ் தளத்தில் வரும். தொழில்துறை அனுபவம் உள்ளவரை அவர்கள் விரும்புவார்கள்.

அமெரிக்காவில் நீங்கள் கேட்ட பெயரிலேயே துறைகள் உண்டு. ரோட் ஐலண்ட், மொன்டானா பல்கலைக்கழகங்களின் மருந்தியல் கல்லூரிகளில் பயோமெடிக்கல் அண்ட் ஃபார்மசூட்டிக்கல் சயின்சஸ் என்றே துறை இருக்கிறது. நீங்கள் எம்.ஃபார்மில் மருந்து வெளியீட்டுக்குப் போட்ட ஹிகுச்சி சமன்பாடு 1961-ல் வந்தது. அந்த ஹிகுச்சி 1967-ல் போய்ச் சேர்ந்த கான்சஸ் பல்கலைக்கழகம் இன்றும் ஃபார்மசூட்டிக்கல் கெமிஸ்ட்ரியில் வலுவான இடம். பெரிய பல்கலைக்கழகங்களில் பல துறைக்கும் சேர்த்துப் பொதுவாகச் சேர்த்துக்கொண்டு, முதல் வருடத்தில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்தபின் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ரொட்டேஷன் என்பார்கள். பயாலஜி புதிதாகக் கற்பவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஐந்து ஆறு வருடம் ஆகும்.

ஆனால் அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கான அரசு அமைப்பான என்ஐஎச் தரும் பயிற்சி ஃபெல்லோஷிப்புகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவர் வழிகாட்டியின் ஆய்வு நிதியையோ கற்பிக்கும் வேலையையோ நம்பியிருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் ஆய்வு மானியங்களின் மறைமுகச் செலவுப் (கட்டடம், நிர்வாகம் போன்றவை) பங்கை 15 விழுக்காட்டுக்குக் குறைக்கப்போவதாக என்ஐஎச் அறிவித்து, அது நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. சில இடங்களில் கொடுத்த இடத்தையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதனால் அமெரிக்காவுக்கு நாலைந்து இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே பல இடங்களில் கடைசித் தேதி முடிந்துவிடும். ஜிஆர்இ நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, கேட்காத இடத்துக்காக அதை எழுதிக் காசை வீணாக்காதீர்கள். இடம் கிடைத்தால், நிதியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குமுன் முடிவு சொல் என்று யாராவது நெருக்கினால் இதைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

பயாலஜி பயத்துக்கு வருகிறேன். செல் கல்ச்சரின் கைவேலை சில வாரத்தில் வந்துவிடும். மீடியம் மாற்றுவது, டிரிப்சின் நொதி போட்டுப் பெயர்ப்பது, எண்ணுவது எல்லாம் பழக்கம்தான். நேரம் எடுப்பது சந்தேகப்படக் கற்றுக்கொள்வது. மைக்கோப்ளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா தொற்றினால் மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, செல் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் உங்கள் முடிவெல்லாம் தப்பாகும். தனியாகச் சோதித்தால்தான் தெரியும். டப்பாவில் ஒரு செல்லின் பெயரை எழுதி, உள்ளே ஹீலா என்ற புற்றுநோய்ச் செல் வளர்ந்த கதைகள் ஆராய்ச்சி உலகில் ஏராளம். எச்பிஎல்சியில் சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவி சரியாக இருக்கிறதா என்ற சோதனை) பார்க்காமல் ஒரு மாதிரியும் ஏற்றாத ஆள் நீங்கள். அதே கண்டிப்போடு செல்லையும் பாருங்கள், போதும். சேரும்வரை உள்ள மாதங்களில் என்பிடெல் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் செல் பயாலஜி வகுப்பு ஒன்றைப் பாருங்கள். அதைவிட அவசியமாக, புள்ளியியலும் ‘ஆர்’ மென்பொருளும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு துறைக்காரர்களும் பேசிக்கொள்ளும்போது பொதுவாக இருப்பது தரவுதான்.

இனி வீடு. அப்பாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கேட்பதில் பாதி பணக் கவலை. மகள் வேலையை விட்டுவிட்டு மறுபடி ஃபீஸ் கட்டிப் படிக்கப்போகிறாள் என்று நினைத்திருக்கலாம். ஃபெல்லோஷிப் தொகையைச் சொல்லுங்கள், பாரம் குறையும். கல்யாணத்தையும் பிஎச்.டி.யையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டாம். யுஜிசியின் 2022 விதிகளில் பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிக்க ஆறு ஆண்டு என்ற வரம்பிலும் பெண்களுக்குக் கூடுதல் ஆண்டுகள் தருகிறார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதே படிப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். முடித்த பிறகு வேறு ஊர் போக நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மறைத்து வைத்து, பிறகு மூன்றாம் வருடத்தில் ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அல்லாடிய பெண்களை எனக்குத் தெரியும்.

சம்பளத்துக்காக மட்டும் என்றால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஃபார்முலேஷன் பிரிவில் எம்.ஃபார்மோடு ஐந்தாறு வருட அனுபவம் சேர்த்தவர், புதிதாக பிஎச்.டி. முடித்து வருபவருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்குவது சகஜம். பிஎச்.டி. திறக்கும் கதவு வேறு. பயாலஜிக்ஸ் (உயிர்ச் செல்லிலிருந்து செய்யும் மருந்துகள்), செல் சிகிச்சை, மருந்து உடலில் போகும் பாதையைக் கணக்கிடும் டிஎம்பிகே, கிளினிக்கல் ஃபார்மகாலஜி என்று, என்ன மருந்து செய்வது என்று முடிவெடுக்கும் அறைக்குள் உட்கார அது வேண்டும். உங்கள் ஆசை அந்த அறை என்றால் 32 வயது ஒரு பொருட்டே இல்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். சனி, ஞாயிறில் உட்கார்ந்து, உங்களை உறுத்தும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதில் வேலை செய்யும் மூன்று ஆய்வகங்களைத் தேடி, அவர்களின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். பிறகு மின்னஞ்சல். ‘ரெஸ்பெக்டட் சார், தங்கள் மேலான ஆய்வகத்தில்’ என்று ஆரம்பிக்கும் நூறு கடிதம் அவர்களுக்கு வாரம்தோறும் வரும். நீங்கள் எட்டு வரிக்குள் எழுதுங்கள். அவர்கள் கட்டுரையில் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது, அந்தத் துகளோ செல்லோ ஆறு மாதம் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள், இரண்டு வருடத்தில் என்னென்ன கருவி கையாண்டிருக்கிறீர்கள், ஃபெல்லோஷிப் நிலை என்ன. அவ்வளவுதான். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். சேர்க்கைக் கடிதமும் ஃபெல்லோஷிப் கடிதமும் கையில் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். மருந்து நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் இரண்டு மூன்று மாதம் இருக்கும், அதனால் சேரும் தேதியைத் தள்ளித் தர முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வாங்காமல் ஹைதராபாத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம். அந்த மூன்று கேள்விகளையும் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.